ஒன்பதாயிரம் அடியில் நான்கு நிமிடங்கள்

அக்டோபர் 6, திங்கள். ஹைதராபாத்

இந்த நோட்டை க்ளியரன்ஸ் எழுதிப் பழகத்தான் வாங்கினேன். தரையிலிருந்து கட்டுப்பாட்டு அதிகாரி வானொலியில் தரும் அனுமதியை, அவர் சொல்லி முடிப்பதற்குள் எழுதி, ஒரு எண் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு மாதங்களாக நான் எழுதியதெல்லாம் தடுப்பூசித் தேதிகளும் மளிகைச் சீட்டும்தான். கை பழக வேண்டும். அந்தச் சாக்கில் இங்கேயே நாலு வரி எழுதலாம் என்று தோன்றுகிறது.

மூன்று வாரப் பயிற்சி. இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு தேர்வு. கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டும் உரிமத்தை அதில் புதுப்பித்துவிட்டால் மறுபடி துணை விமானியின் இருக்கை. இமயாவுக்குப் பதின்மூன்று மாதம். சென்னையில் அவள் அப்பாவோடு, என் கணவன் அரசுவோடு, இருக்கிறாள். அவன் வீட்டிலிருந்தபடியே பாலங்களுக்கு வரைபடம் போடுகிறவன். பகலில் ஜெபமணி அக்கா வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வார். எல்லாம் ஏற்பாடாக இருக்கிறது.

விடுதி அறையில் நுழைந்ததும் சின்ன ஃப்ரிட்ஜ் வேலை செய்கிறதா என்று பார்த்தேன். செய்கிறது. தாய்ப்பாலை எடுத்துக் கொட்டத்தான் போகிறேன். ஆனாலும் பார்த்தேன்.

மூன்று வாரம் ஒன்றும் பெரிய காலம் இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

பயிற்றுநர் உள்ளே வந்தார். நிவேதன். பறக்கும் பள்ளியில் எனக்கு இரண்டு வருடம் இளையவன். அப்போதெல்லாம் மெஸ்ஸில் என்னைப் பார்த்தால் தட்டோடு எழுந்து நிற்பான். இப்போது தோளில் நாலு பட்டை. நான் வீட்டில் இருந்த காலத்தில் கேப்டன் ஆகிவிட்டான்.

"அக்கான்னு கூப்பிடட்டுமா, மேடம்னு கூப்பிடட்டுமா?" என்று கேட்டான்.

"அக்கான்னே கூப்பிடு. மார்க் போடும்போது மட்டும் அக்கான்னு நினைக்காத."

"நினைக்க மாட்டேங்க்கா." அவன் சிரிக்கவில்லை.

இன்று முழுவதும் சிமுலேட்டர் என்ற போலி விமானி அறையில் ஹோல்டிங். இறங்க இடமில்லை என்றால் விமானம் ஓரமாக நின்று காத்திருக்க முடியாது. வானத்தில் ஒரு புள்ளியைக் காட்டி, அங்கேயே சுற்றிக்கொண்டிரு என்பார்கள். புள்ளியை நோக்கி ஒரு நிமிடம் நேராக. வலப்பக்கம் திரும்ப ஒரு நிமிடம். வந்த திசைக்கு எதிராக ஒரு நிமிடம். மறுபடி திரும்ப ஒரு நிமிடம். சுற்றுக்கு நான்கு நிமிடம். மேகத்துக்குள் எதுவும் தெரியாது, முன்னால் இருக்கும் முள்களும் எண்களும்தான் கண். காற்று ஒரு பக்கமாகத் தள்ளும். அது தள்ளுகிற அளவைக் கணக்குப் போட்டு மூக்கைச் சாய்த்து வைக்க வேண்டும்.

எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். இன்று மூன்று முறை தப்பான பக்கம் திரும்பினேன்.

அக்டோபர் 9, வியாழன்

பால் கட்டிக்கொண்டது. சிமுலேட்டரில் நேராக உட்கார முடியவில்லை. முதுகு வலி என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

துணி துவைத்தேன். சட்டை இஸ்திரி போட்டேன். கேன்டீனில் பெசரட்டு. நன்றாக இருந்தது.

மாலையில் வீடியோவில் இமயா. ஸ்டீல் டம்ளரைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். "அங்க பாரு, அம்மா" என்று அரசு போனைக் காட்டினான். அவள் போனை வாங்கி நக்கினாள். ஒரு நிமிடம் திரை முழுக்க அவள் நாக்குதான். பிறகு ஜெபமணி அக்கா கூப்பிட்டதும் போனைக் கீழே போட்டுவிட்டு தவழ்ந்து போனாள். பத்து நிமிடம் நான் திரையில் எங்கள் வீட்டு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்விசிறியில் தூசி. துடைக்கச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 13, திங்கள்

இன்று வந்துவிட்டது. எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. பக்கக்காற்று முப்பது நாட் வேகம். நிவேதன் பின்னால் உட்கார்ந்து கட்டுப்பாட்டு அதிகாரி குரலில் க்ளியரன்ஸ் கொடுத்தான். புள்ளி, திசை, உயரம், அடுத்த அனுமதியை எதிர்பார்க்க வேண்டிய நேரம். எழுதி, திருப்பிச் சொல்லி, உள்ளே நுழைந்து, ஐந்து சுற்று. ஐந்தும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாக விழுந்தன.

அது வெறும் பெட்டி, தரையில் ஹைட்ராலிக் கால்களில் நிற்கிறது. எனக்குத் தெரியும். ஆனால் ஐந்தாவது சுற்றில் கை தானாகவே திருத்தியது. இந்த இரண்டு வருடம் துணி காயப்போடும்போதெல்லாம் மொட்டை மாடிக்கு மேலே விமானம் போனால் நான் அண்ணாந்து பார்ப்பதில்லை. அரசு அதைக் கவனித்திருப்பானா தெரியாது. பார்த்தால் என்ன ஆகும் என்று பயம்.

வெளியே வந்ததும் போனைப் பார்த்தேன். மூன்று மணி நேரம் அவளை நினைக்கவே இல்லை.

அக்டோபர் 15, புதன்

இமயாவுக்குச் சளி. இரண்டு நாளாக ஒழுங்காகத் தூங்கவில்லையாம். அரசு குரல் கரகரவென்று இருந்தது.

"ரொம்பக் கஷ்டமா இருந்தா வந்துடு மங்கை. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான்.

"எனக்கா, உனக்கா?"

"யாருக்குனாலும்."

அன்பாகத்தான் சொன்னான். அவன் அப்படித்தான், யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்த மாட்டான். நான் சரி பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். வராதே, முடித்துவிட்டு வா என்று அவன் சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 17, வெள்ளி

தேர்வு. நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஏழாயிரம் அடியில் ஹோல்ட். அடுத்த அனுமதியை 10:20-க்கு எதிர்பார்க்கலாம் என்றான் நிவேதன். வானொலியில் பேசுவது உலக நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். அதாவது 3:50. சரியாக எழுதினேன், சரியாகத் திருப்பிச் சொன்னேன். சுற்றுகள் சுத்தம். கடிகாரம் 10:20 காட்டியதும் புள்ளியை விட்டு வெளியேறி இறங்க ஆரம்பித்தேன்.

விளக்கு எரிந்தது. பெட்டி அசையாமல் நின்றது.

"யாரு உங்களுக்கு அனுமதி குடுத்தா?" நிவேதன் மெதுவாகத்தான் கேட்டான்.

யாரும் கொடுக்கவில்லை. எதிர்பார்க்கத்தான் சொன்னார்கள். எதிர்பார்ப்பது அனுமதி இல்லை. இதைப் பத்து வருடத்துக்கு முன்பே படித்துத் தேறியவள் நான்.

"நெஜ வானத்துல உங்களுக்குக் கீழ ஆறாயிரத்துல இன்னொருத்தன் சுத்திட்டு இருப்பான்க்கா."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு அவசரம்?"

நாலரைக்கு இமயா பகல் தூக்கம் விழிப்பாள் என்பதை ஒரு பதிலாகச் சொல்ல முடியாது.

ஒரு வாரம் கழித்து இன்னொரு வாய்ப்பு. அதுதான் கடைசி.

அக்டோபர் 18, சனி

கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் அடித்தேன். ஏழு வரி. அனுப்பவில்லை. யாருக்கு என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

பயிற்சி மையம் மூடல். காலை ஐந்து மணிக்கே தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தேன். விடுதிக் குளியலறையில் சீயக்காய் வாசனை.

அரசு பால்கனியில் இமயாவைத் தூக்கி வைத்துக்கொண்டு கம்பி மத்தாப்பு கொளுத்தினான். போனை ஜன்னல் மேல் சாய்த்து வைத்திருந்தான். அவள் ஒளியைத்தான் பார்த்தாள். சரிதான், குழந்தை பின்னே எதைப் பார்க்கும். புதுச் சட்டை கொஞ்சம் பெரிது. நான் அளவு தப்பாக வாங்கிவிட்டேன். இல்லை, சரியான அளவில்தான் வாங்கினேன். சளியில் இளைத்திருக்கிறாள்.

அக்டோபர் 22, புதன்

இன்று பால் எடுக்க ஒன்றும் இல்லை.

அக்டோபர் 24, வெள்ளி

தேறிவிட்டேன்.

இந்த முறை ஹோல்டில் சுற்றிக்கொண்டிருந்தபோது நிவேதன் வானொலியைச் சாகடித்தான். மூன்று முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. அந்த ஒரு நிலைமையில் மட்டும் எதிர்பார்க்கச் சொன்ன நேரமே அனுமதி ஆகும். ஏனென்றால் கீழே இருப்பவர்களும் நாம் அந்த நேரத்தில்தான் கிளம்புவோம் என்று நம்பி வழியைக் காலி செய்து வைத்திருப்பார்கள். நொடி முள்ளைப் பார்த்துக் கிளம்பினேன். இறங்கினேன்.

நிவேதன் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நல்லா ஓட்டுனீங்கக்கா. பள்ளிக்கூடத்துல ஓட்டுன மாதிரியே" என்றான்.

அறைக்கு வந்து சனிக்கிழமை அடித்த ராஜினாமாவை அழித்தேன். பிறகு அரசுவைக் கூப்பிட்டேன். "நான் வந்துடுன்னு சொன்னது தப்பு மங்கை. தூக்கமில்லாம சொல்லிட்டேன்" என்றான்.

அக்டோபர் 25, சனி. சென்னை

கதவைத் திறந்ததும் இமயா அரசுவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மூன்று வாரம், புது ஆள் மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது.

அக்டோபர் 27, திங்கள்

இன்று மாலை முதல் முறையாகத் தானே என்னிடம் வந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வந்து முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றாள். "பழகிட்டா பாருங்க" என்றார் ஜெபமணி அக்கா. பழகிட்டாவாம். கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெங்காயம்.

நவம்பர் 3, திங்கள்

முதல் நிஜப் பயணம். சேலம் போய் வந்தோம். காலையில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போனபோது வெயில் முகத்தில் அடித்தது. கண் கூசியது. கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவில்லை.

நவம்பர் 12, புதன்

மழை. இந்த வாரம் நாலு நாள் வேலை. காலையில் நான் கிளம்பும்போது அவள் தூங்குகிறாள். திரும்பும்போது சில நாள் விழித்திருக்கிறாள். வீட்டில் இருந்தால் மேலே போகும் சத்தத்துக்குக் காது போகிறது. மேலே இருந்தால் கீழே எது எங்கள் தெரு என்று தேடுகிறேன். இது ஒரு புகார் இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

காலையில் இமயாவின் நெற்றி சுட்டது. "பல் வர்ற சூடா இருக்கும்" என்றேன். அரசு தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருந்தான். அவன் கண்டுபிடிப்பதற்குள் வண்டி வந்துவிட்டது. வண்டி வந்துவிட்டது என்று எழுதுகிறேன். நான் இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லியிருக்கலாம்.

தூத்துக்குடி போய்ச் சென்னை திரும்பும் வேலை. கேப்டன் நிவேதன். தூத்துக்குடியில் இறங்கியதும் அரசுவின் செய்தி: நூற்றிரண்டு புள்ளி நாலு, டாக்டரிடம் போகிறேன். கிளம்புவதற்கு முன் நிவேதன் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டான்.

"எல்லாம் சரியாக்கா?"

"சரிதான்" என்றேன்.

சென்னையை நெருங்கும்போது மழை ஓடுபாதையை மூடிவிட்டது. ஒன்பதாயிரம் அடியில் ஹோல்ட், அடுத்த அனுமதியை நம் நேரத்தில் 3:20-க்கு எதிர்பார்க்கலாம் என்றார்கள். எழுதினேன், திருப்பிச் சொன்னேன். எங்களுக்குக் கீழே இரண்டு விமானம், மேலே மூன்று. 3:20 ஆனதும், 3:35 என்றார்கள். வெள்ளை மேகம் தவிர ஒன்றும் தெரியவில்லை. நிவேதன் ஓட்டினான். வானொலியும் எண்ணெய்க் கணக்கும் என்னுடையவை.

இறங்க முடியாவிட்டால் திருச்சி. அங்கே போய்ச் சேர்ந்து, அதற்கு மேல் அரை மணி நேரம் பறக்கக் கையில் இருக்க வேண்டியதையும் சேர்த்து, 860 கிலோ எண்ணெய் இருக்கும்போது இங்கிருந்து கிளம்பியாக வேண்டும். ஒரு சுற்றுக்கு நாற்பது கிலோ போகும்.

3:35-க்கு, 3:50 என்றார்கள். எண்ணெய் 880.

"மழை நகருதுன்னு மேல இருக்கறவன் சொல்றான்" என்றான் நிவேதன். "இன்னும் ஒரு சுத்து பாக்கலாமா? உங்க கணக்கு என்ன சொல்லுது?"

நான் மடியில் இருந்த தாளைப் பார்த்தேன். காற்று வடகிழக்கிலிருந்து அடித்தது. திருச்சிக்குப் பின்காற்று. மறுபடி போட்டால் 840 போதும் என்று வரும். 840 என்றால் இன்னும் ஒரு சுற்றுக்கு இடம் உண்டு. நான் சொன்னால் அவன் ஏற்றுக்கொள்வான். கணக்கிலும் பெரிய பொய் இல்லை. ஆனால் எனக்கு ஏன் அந்தப் பின்காற்று அப்போதுதான் ஞாபகம் வந்தது என்பது எனக்குத் தெரியும். அந்த நாலு நிமிடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதும் தெரியும்.

"860" என்றேன். "சுத்தி முடிச்சா அதுக்குக் கீழ போயிடுவோம். இப்பவே கிளம்பணும்."

அவன் என்னை ஒரு முறை பார்த்தான். "சரி. திருச்சி கேளுங்க."

கேட்டேன். அனுமதி வந்தது. திசை, உயரம், வழி. என் குரல் சரியாகத்தான் இருந்தது. இடப்பக்கம் சாய்ந்து திரும்பினோம். சென்னை என் முதுகுக்குப் பின்னால் போனது.

ஏழு நிமிடம் கழித்து, அதே வானொலியில், மேலே இருந்தவனுக்கு இறங்க அனுமதி கொடுத்தார்கள். மழை நகர்ந்துவிட்டது. நாங்கள் இருவரும் கேட்டோம்.

திருச்சியில் இறங்கியதும் அரசுவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எண்ணெய் வண்டிக்காகக் காத்திருந்தபோது நிவேதனிடம் சொன்னேன். காலைச் சூடு, தூத்துக்குடியில் வந்த செய்தி, எல்லாம்.

"ஏறறதுக்கு முன்னாடி கேட்டேனேக்கா."

"ஆமா. பொய் சொல்லிட்டேன்."

அவன் மழைத்தண்ணீர் தேங்கியிருந்த தரையைப் பார்த்தான். "எனக்குத் தெரிஞ்சிருந்தா இன்னொரு சுத்து கேட்டிருக்கவே மாட்டேன்" என்றான். பிறகு, "இப்ப உங்களால ஓட்ட முடியுமா? யோசிச்சு சொல்லுங்க."

முடியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் போன் அடித்தது. மணி 5:31.

அரசு அழுதுகொண்டிருந்தான். காய்ச்சலில் இமயாவுக்கு ஃபிட்ஸ் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள், இப்போது நின்றுவிட்டது, மூச்சு சீராக இருக்கிறது, டாக்டர் பக்கத்தில் இருக்கிறார்.

"எப்போ வந்துச்சு?"

"அஞ்சே காலுக்கு. டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தப்புறம், வீட்ல."

சென்னையில் நாலு மணிக்கு இறங்கியிருந்தால் ஐந்து மணிக்கு நான் வீட்டில் இருந்திருப்பேன்.

நிவேதனிடம் திரும்பினேன். "என்னால ஓட்ட முடியாது."

அவன் தலையாட்டிவிட்டுப் போனை எடுத்தான். எங்கள் நிறுவனத்தின் இன்னொரு விமானம் அங்கே நின்றது. அதன் துணை விமானியை வரவழைத்தார்கள். என் இருக்கையில் அவர் உட்கார்ந்தார். நான் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பதினெட்டாவது வரிசையில், பயணிகளோடு. பக்கத்தில் இருந்த பெரியவர் என் சட்டையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நீங்க இங்க உக்காந்துட்டா யாரு ஓட்டறது?" என்றார். ஆள் இருக்கிறார் என்று சொன்னேன்.

நவம்பர் 19, புதன். ஆஸ்பத்திரி

நேற்று நான் வந்து சேர்ந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் ஊசி, அதன் மேல் கட்டு. காய்ச்சலில் சில குழந்தைகளுக்கு இப்படி வரும், பெரும்பாலும் எதையும் மிச்சம் வைக்காமல் போய்விடும் என்றார் டாக்டர். இன்று சூடு இல்லை. நாளை வீட்டுக்குப் போகலாம்.

காலையில் அரசு டீ வாங்கி வந்தான். நேற்றைய சட்டையிலேயே இருந்தான்.

"எனக்கு ஒண்ணுமே தோணல மங்கை. கை கால் இழுக்குது. கண்ணு மேல போயிடுச்சு. ஜெபமணி அக்காதான் ஒருக்களிச்சுப் படுக்க வைங்கன்னு கத்தினாங்க." டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "செத்துட்டாளோன்னு நினைச்சேன்."

நான் அவனிடம் ஹோல்ட், எண்ணெய், 860 எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு நிமிடத்தையும் சொன்னேன். அவனுக்குச் சொல்லாமல் அவன் பக்கத்தில் உட்கார முடியாது.

"இன்னொரு சுத்து சுத்தியிருந்தா வந்திருப்பியா?"

"அதோட வந்திருக்க மாட்டேன். அதுக்கு அடுத்ததுல வந்திருப்பேன்."

"அது உனக்கு அப்பத் தெரியாதுல்ல."

"தெரியாது. ஆனா சுத்த ஆரம்பிச்சிருந்தா, அடுத்ததுக்கும் ஒரு கணக்குக் கண்டுபிடிச்சிருப்பேன் அரசு."

டீ ஆறிப்போனது.

"பின்னால எத்தனை பேர் இருந்தாங்க?" என்று கேட்டான்.

"அறுபத்தெட்டு."

"அதுல குழந்தைங்க?"

"ரெண்டு."

அவன் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தான். "காலைல தெர்மாமீட்டர் வெக்கிற வரைக்கும் நின்னிருக்கலாம் நீ. அதுக்குத்தான் எனக்குக் கோவம். மத்ததுக்கு இல்ல."

"எனக்கும் அதுக்குத்தான்" என்றேன்.

நவம்பர் 20, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். இமயாவின் வயிற்றிலும் முதுகிலும் சிவப்பாகச் சின்னச் சின்னத் தடிப்பு. காய்ச்சல் போகிற அடையாளம்தான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ரசம் சாதம் நாலு வாய் தின்றாள். பிறகு என் மடிக்கு ஏறி, என் மேல்சட்டையின் முதல் பித்தானை வாயில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

மதியம் மூன்று மணிக்கு வேலை அட்டவணை போடுகிற பெண் கூப்பிட்டாள். நிவேதன் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான்.

"பாப்பா எப்படி இருக்கா மேடம்? நீங்க எப்ப வரணும்னு கேப்டன் உங்களையே கேக்கச் சொன்னாரு. மாசக் கடைசி வரைக்கும் வேணும்னாலும் அட்டவணைலேர்ந்து எடுத்துடறேன்."

இடது கையில் இமயாவின் தலை. வலது கையில் போன். அடுப்படியில் அரசு பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"திங்கட்கிழமை போடுங்க" என்றேன். "காலையில மட்டும் கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி உங்களுக்கு போன் பண்ணுவேன். அவளுக்கு உடம்பு சூடா இருந்தா வர மாட்டேன். அதையும் எழுதிக்கங்க."

"எழுதிக்கிட்டேன் மேடம்."

"திருப்பிச் சொல்லுங்க."

அந்தப் பெண் ஒரு கணம் தயங்கிவிட்டு, நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள். தண்ணீர்ச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது. கை மரத்துப் போயிருந்தது. இமயா தானாக விழிக்கும் வரை அதை எடுக்கவில்லை.